எழுத்தின் அளவு

ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

மிளகு எழுதுகிறேன். இங்கே நான், அத்தை, அத்தையின் தையல் மெஷின் மூவரும் சௌக்கியம். மெஷினுக்கு மட்டும் கொஞ்சம் மூட்டுவலி, எண்ணெய் விட்டாயிற்று. கப்பலில் நீங்களும் உங்கள் இயந்திரமும் எப்படி இருக்கிறீர்கள்? போன தடவை துறைமுகத்திலிருந்து போன் செய்தீர்களே, பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விட்டது. அதற்குக் கடிதமே தேவலை.

பெரிய செய்தி ஒன்று. பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு எண்பது பேருக்கும் ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்துவிட்டார்கள். சும்மா இல்லை. கம்ப்யூட்டர் கொடுத்தால் பிள்ளைகளின் மார்க் ஏறுமா என்று கல்வித் துறை பார்க்கப்போகிறதாம். மாதம் ஒரு தேர்வு, மாதம் ஒரு படிவம். பொதுத்தேர்வு முடிவு வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். என்னுடையது முப்பத்தேழாம் எண். மூடியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக எழுதியிருக்கிறது. அத்தை மிச்சத் திரைச்சீலைத் துணியில் உறை தைத்துக் கொடுத்தாள். "இதைக் கீழ போட்டேன்னு வச்சுக்கோ, பின்னாடியே உன்னையும் போட்டுடுவேன்" என்று ஆசீர்வாதமும் செய்தாள்.

கையெழுத்து கோட்டை விட்டு மேலும் கீழும் போகிறது, திட்டாதீர்கள். அவசரத்தில் எழுதினேன். கடைசித் தேர்வில் கணக்கு 41. அதற்கும் திட்டாதீர்கள். இனிமேல்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே, பாருங்கள்.

தலைவலி இல்லை. நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

உங்கள்
மிளகு


ஜூலை 21

என் காரமான மிளகுக்கு,

அப்பா சுகம். இயந்திர அறையில் வெந்து, மேல்தட்டுக் காற்றில் ஆறி, மறுபடி வெந்துகொண்டிருக்கிறேன். அத்தையை ரொம்பக் கேட்டதாகச் சொல். அந்த மெஷினையும்தான்.

உன் கடிதம் வந்தபோது என்னால் படிக்க முடியவில்லை. படிக்கிற கண்ணாடி இரும்புத் தளத்தின் இடுக்கு வழியாக அடியில் தேங்கிக் கிடக்கிற எண்ணெய்த் தண்ணீருக்குள் விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டது. சமையல்காரர்தான் படித்துக் காட்டினார். செய்தி வாசிக்கிறவர் மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு நின்றார். "கணக்கு நாற்பத்தொன்று" என்ற இடத்தில் நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தார் பார், என் மானம் நடுக்கடலில் போயிற்று. இந்தக் கடிதத்தையும் குத்துமதிப்பாகத்தான் எழுதுகிறேன். வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்.

தலைவலியைப் பற்றி நீ கேலி செய்தாலும் நான் கேட்பதை நிறுத்தப்போவதில்லை. உனக்கு விவரம் தெரிகிற வயது வந்துவிட்டது, சொல்கிறேன். உன் அம்மாவுக்குத் தலைவலியில்தான் ஆரம்பித்தது. விளக்கைச் சுற்றிக் கலர் கலராக வட்டம் தெரியும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற வியாதி. நேரத்துக்குச் சொட்டு மருந்து விட்டிருந்தால் நின்றிருக்கும். நான் அப்போதும் கப்பலில். "எல்லோரும் சுகம்" என்றே மாதா மாதம் கடிதம் போட்டாள். நான் வந்து இறங்கியபோது என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அப்புறம் மூன்று வருஷம் இருந்தாள், காய்ச்சலில் போனாள். அந்தக் காய்ச்சலை என்னால் மன்னிக்க முடிகிறது. அந்தக் கடிதங்களை மன்னிக்க முடியவில்லை.

அதனால் தலைவலியோ, வட்டமோ, மங்கலோ, எதுவானாலும் உடனே எழுது. ஏப்ரல் வரைக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த துறைமுகத்தில் இறங்கிவிடுவேன். உனக்கு டைபாய்டு வந்தபோது அப்படி இறங்கியதற்கு இரண்டு வருஷம் எந்தக் கப்பலிலும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை, மறுபடியும் வீட்டில் உட்கார்ந்து அத்தையிடம் பேச்சு வாங்குவேன்.

அன்புடன்
அப்பா


ஆகஸ்ட் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

மூவரும் சுகம். நீங்களும் வேகாமல் சுகமாக இருக்க வேண்டும்.

கடிதத்தைப் பார்த்ததும் யாரோ அரசாங்கத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள் என்று பயந்திருப்பீர்கள். நான்தான். கம்ப்யூட்டரில் அடித்து, பள்ளி அலுவலகத்தில் அச்செடுத்தேன். எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்றால், உங்களுக்காகத்தான். இனிமேல் சமையல்காரரிடம் கொடுக்க வேண்டாம். என் மார்க்கை நீங்களே படித்துக்கொள்ளலாம்.

இந்த மாதம் கணக்கு 78! தேர்வும் கம்ப்யூட்டரிலேயேதான் நடக்கிறது. டீச்சர் கேள்விகளை அதில் போட்டுவிடுவார். நான் திரையைக் கறுப்பாக்கி எழுத்தை வெள்ளையாக்கிக்கொள்வேன், அப்புறம் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குவேன். அவ்வளவுதான். கணக்கு ஒன்றும் பெரிய பூதம் இல்லை அப்பா. இத்தனை நாள் யாரோ அதை எனக்குத் தெரியாத பாஷையில் எழுதி வைத்திருந்த மாதிரி இருந்தது.

மற்றவர்களுக்கு மார்க் ஏறவில்லை. பக்கத்து பெஞ்சுக்காரி நாள் முழுக்க சினிமா பார்க்கிறாள். தேர்வு நேரத்தில் மட்டும் கம்ப்யூட்டரை முறைக்கிறாள். ஹெட்மிஸ்ட்ரஸ் என் பெயரைக் காலைக் கூட்டத்தில் வாசித்தார். அத்தை அதைத் தெருவில் ஒருத்தரையும் விடாமல் சொல்லியாயிற்று.

தலைவலி இல்லை. வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. ஒப்பந்தத்தைக் கிழிக்காதீர்கள்.

உங்கள்
78 மார்க் மிளகு


செப்டம்பர் 29

எழுபத்தெட்டு வாங்கிய மகாராணிக்கு,

வாயெல்லாம் பல்லாக எழுதுகிறேன். சமையல்காரர் வேலை இழந்தார். "எனக்கு ஒரு வரியாவது குடுங்க" என்று பின்னாலேயே வருகிறார். உன் கடிதத்தை இயந்திர அறைச் சுவரில் ஒட்டிவைத்துவிட்டேன். அங்கே இரைச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது, ஆனால் உன் 78 ஏணி மேலே நிற்கிற என்ஜினியருக்குக்கூடத் தெரிகிறது. அவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அந்த மனுஷன் ஏழு மாதத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கண்ணாடி இன்னும் வாங்கவில்லை. எதற்கு? என் பெண் இருக்கிறாள், எனக்காக எழுத்தைப் பெரிதாக்க. பெற்ற அப்பனுக்குக் கண் தெரியவில்லையே என்று இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை யோசிக்கும்?

தலைவலி இல்லைதானே? அத்தைக்கு என் வணக்கம்.

தலைகால் புரியாத
அப்பா


அக்டோபர் 31

அன்புள்ள அப்பாவுக்கு,

அத்தைக்கு லேசாகச் சளி, கஷாயம் என்றாலே ஓடுகிறாள். நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள்?

கணக்கு 83. கல்வித் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மினுமினு என்று சட்டை, கையில் படிவக் கட்டு. எண்பது பேரில் இப்படி ஏறியது நான் ஒருத்திதானாம். என்னை எழுப்பி நிறுத்தி, "எப்படிம்மா இவ்ளோ மார்க் ஏறுச்சு?" என்று கேட்டார். "எழுத்தைப் பெருசாக்க முடியுது சார்" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அவரும் சிரித்தார். படிவத்தில் என்ன எழுதினார் என்று முன்வரிசைக்காரி எட்டிப் பார்த்துச் சொன்னாள். 'மாணவியின் ஆர்வம்' என்று எழுதினாராம்.

இந்தக் கடிதம் ஆறு பக்கம் வந்திருக்கிறது, விஷயம் ஒரு பக்கத்துக்குத்தான். எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன். கப்பல் ஆடும்போது படிக்க வசதியாக இருக்கும் இல்லையா?

அத்தைக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது இப்போது எதிர்வீட்டுக் குட்டிப் பெண். எனக்குப் படிப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அத்தை கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

தலைவலி இல்லை.

மிளகு


டிசம்பர் 3

மகளுக்கு,

நான் சுகம். கடல் கொஞ்சம் கொந்தளிப்பு. வேலை அதிகம், அதனால் பதில் தாமதம்.

83க்குச் சந்தோஷம். உன் கடிதம் கனமாக வந்தது. சமையல்காரர் புத்தகம் என்றே நினைத்துவிட்டார். எழுத்து நன்றாகத் தெரிகிறது. கண்ணாடி இன்னும் வாங்கவில்லை. அதனால் இப்படியே எழுது. எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் எழுது. எனக்கு அதுதான் வசதி.

அத்தைக்குச் சளி தேவலையா? குளிரில் வெளியே போகாதே. நன்றாகப் படி.

அப்பா


ஜனவரி 5

அன்புள்ள அப்பாவுக்கு,

அத்தைக்குச் சளி போய்விட்டது. மெஷினும் சுகம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நான் படிக்கிற முறை உங்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் இருக்கும் கேமராவுக்கு முன்னால் கடிதத்தைப் பிடித்துப் படம் எடுத்து, அதைத் திரையில் பெரிதாக்கிப் படிப்பேன். சும்மா, விளையாட்டுக்கு. இந்தத் தடவை நீங்கள் தலைவலியைப் பற்றிக் கேட்கவே இல்லை. மூன்றாவது தரமும் தேடிப் பார்த்தேன். இல்லை.

நீங்கள் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை.

பொதுத்தேர்வு எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக டிசம்பர் தேர்வைக் காகிதத்தில் வைத்தார்கள். பொதுத்தேர்வுக்குக் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போகக் கூடாதாம். கணக்கு 29. கணக்கு டீச்சர் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. நாளை மாலை தன்னைத் தனியாக வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் வருவதற்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

மிளகு


ஜனவரி 19

ஐயா,

வணக்கம். உங்கள் மகளுக்குக் கணக்குப் பாடம் எடுப்பவள் நான். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கப்பல் நிறுவனத்தின் அலுவலகம் மூலமாக இதை அவசரமாக அனுப்புகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், மன்னியுங்கள்.

கம்ப்யூட்டரில் 83 வாங்கிய பெண் காகிதத்தில் 29 வாங்கியதும், அதுவரை காப்பி அடித்தாளோ என்று சந்தேகப்பட்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. பக்கத்தில் உட்கார்த்தி வைத்து அதே வினாத்தாளைக் கொடுத்தேன். தாளை மூக்கில் முட்டும்படி பிடித்துக்கொண்டு, ஒரு கேள்வியைப் படித்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. பிறகு கேள்விகளை நானே வாயால் படித்தேன். நான் முடிப்பதற்குள் விடை சொன்னாள். கடைசிக் கேள்வி வரைக்கும் சொன்னாள்.

"எத்தனை நாளாம்மா இப்படி?" என்று கேட்டேன்.

"எட்டாவதுலேர்ந்தே போர்டு தெரியாது டீச்சர். இப்ப புஸ்தகமும் தெரியல. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, பாதியில இறங்கி வந்துடுவாரு" என்றாள்.

இரண்டு வருஷம் நான் அந்தப் போர்டில்தான் எழுதிக்கொண்டிருந்தேன், ஐயா.

மறுநாளே அவளுடைய அத்தையும் நானும் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். இரண்டு கண்ணிலும் அழுத்தம் மிக அதிகம். வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. இடது கண்ணில் பாதிக்கும் குறைவு. இந்த வியாதியில் போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். ஐந்தாறு மாதம் முன்பு வந்திருந்தால் மிச்சம் இன்னும் அதிகமாக இருந்திருக்கும் என்றும் சொன்னார். சொட்டு மருந்து தொடங்கிவிட்டோம். இடது கண்ணுக்குச் சீக்கிரம் அறுவை செய்ய வேண்டும். உங்கள் கையெழுத்து வேண்டும், படிவத்தை இணைத்திருக்கிறேன். பொதுத்தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஒருவரை அமர்த்திக்கொள்ளும் விண்ணப்பமும் இருக்கிறது. அதிலும் கையெழுத்துப் போடுங்கள். அதில் 'பார்வைக் குறைபாடு' என்ற சொல்லை நீங்கள் உங்கள் கையாலேயே எழுத வேண்டியிருக்கிறது. விதி அப்படி.

இப்படிக்கு
கணக்கு ஆசிரியை


பிப்ரவரி 2

என் கண்ணே,

இப்படிக் கூப்பிடக் கைகூசுகிறது. ஆனாலும் வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அத்தையைப் படித்துக் காட்டச் சொல். அவளுக்கு முன்னால் சொல்லக் கூடாதது எதுவும் இதில் இல்லை.

இரண்டு படிவத்திலும் கையெழுத்துப் போட்டு அலுவலகம் மூலம் அனுப்பிவிட்டேன். அந்தச் சொல்லையும் எழுதினேன். கேப்டனிடம் சொல்லிவிட்டேன், அடுத்த துறைமுகத்தில் இறங்குகிறேன். மார்ச் மூன்றாம் தேதி கம்பெனி ஆபீசுக்கு வந்து சேருவேன், அங்கிருந்து வீடு. இனி எந்தக் கப்பலிலும் வேலை கிடைக்காவிட்டால் போகட்டும்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். நான் செப்டம்பரிலேயே கண்ணாடி வாங்கிவிட்டேன். துறைமுகத் தெருவில் நடைபாதைக் கடையில் வாங்கினேன். உன் 78 மார்க் கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படித்தேன். இல்லை என்று உனக்கு எழுதியது விளையாட்டுப் பொய். நீ எனக்காகப் பெரிதாக்கியிருக்கிறாய் என்ற சந்தோஷத்தில் சொன்னது.

அக்டோபர் கடிதம் வந்தது. ஆறு பக்கம். பிரித்த உடனேயே தெரிந்துவிட்டது, மகளே. நூல் கோக்கிறதைப் பற்றி எழுதியிருந்தாய், அதற்குமேல் என்ன தெரிய வேண்டும்? ஒரு மாதம் அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். கண்ணாடி வாங்கிவிட்டேன் என்று எழுதினால், எழுத்து பெரிதாக இருப்பதற்கு உன்னிடம் வேறு காரணம் இருக்காது. நீ உண்மையைச் சொல்லிவிடுவாய். சொல்லிவிடுவாயே என்று பயந்தேன். தலைவலி இருக்கிறதா என்று எழுதப் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. கேட்காமல் இருந்தால் அது இல்லாமல் போய்விடும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. உன் அம்மாவின் கடிதங்களை மன்னிக்க முடியவில்லை என்று உனக்கு எழுதினவன் நான். அதைவிட மோசமான கடிதம் ஒன்றை நானே எழுதினேன்.

டிசம்பரில் நான் கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சமாவது மிச்சமாகியிருக்கும். இதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம், தெரியும்.

அப்பா


பிப்ரவரி 26

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் கம்பெனி ஆபீசுக்கு வரும்போது இது கையில் கிடைக்கும்படி அனுப்புகிறேன். பயணம் சிரமமில்லாமல் இருக்க வேண்டும். அத்தை சுகம். இரண்டு வாரமாக அவள் வாயையும் திறக்கவில்லை, மெஷினையும் திறக்கவில்லை. அவளையும் கொஞ்சம் கவனியுங்கள்.

பன்னிரண்டாம் தேதி அறுவை முடிந்தது. கட்டுப் பிரித்தாயிற்று. இடது கண்ணில் முன்பு எவ்வளவு இருந்ததோ அவ்வளவு இருக்கிறது. அதுவே வெற்றி என்கிறார் டாக்டர். சரி, வெற்றி.

உங்கள் கடிதத்தை அத்தையிடம் கொடுக்கவில்லை. அறுவைக்கு முதல் நாள் கேமராவில் காட்டி நானே படித்தேன். திரையில் ஒரு சமயத்தில் மூன்று சொல்தான் நிற்கும். 'சொல்லிவிடுவாயே என்று பயந்தேன்' என்பது மட்டும் தனியாக நின்றது. அதைத் தள்ள மனம் வராமல் வெகு நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

எனக்கும் தெரியும் அப்பா. டிசம்பர் கடிதத்தில் உங்கள் எழுத்து சின்னதாக, வரிசை தப்பாமல் இருந்தது. கண்ணாடி இல்லாதவர் அப்படி எழுத முடியாது. அன்றைக்கு எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது. ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு நாளும் தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டு வாசலுக்குப் போனேன், இன்றைக்குக் கேட்டிருப்பீர்கள் என்று. நானாகச் சொல்லியிருக்கலாம்தான். சொல்லவில்லை. உங்கள் மேல் இன்னும் கோபம் இருக்கிறது, என் மேலும் இருக்கிறது. நீங்கள் வந்த பிறகு சண்டை போடலாம் என்று மிச்சம் வைத்திருக்கிறேன்.

கல்வித் துறைக்காரர் மறுபடி வந்தாராம். எண்பது பேரின் சராசரி ஒரு மார்க்கூட ஏறவில்லை. முப்பத்தேழாம் எண் கணக்கைக் குழப்புகிறது, பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார். கணக்கு டீச்சர் விடவில்லை. "அவ இருக்கட்டும் சார். ஏன் ஏறுச்சு, ஏன் இறங்குச்சுன்னு கேட்டு எழுதுங்க" என்றாராம். அதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. டீச்சர் தனித்தாளில் எழுதிப் பின்னால் குத்திக் கொடுத்திருக்கிறார். அதோடு பள்ளிக்கூடம் முழுக்கப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கண்ணைப் பார்க்க வைத்துவிட்டார். கீழ் வகுப்புகளில் நாலு பேருக்குக் கண்ணாடி தேவைப்படுகிறதாம். ஒருத்திக்கும் இதுவரை தெரியாது.

மார்ச் பத்தாம் தேதி தேர்வு. நான் சொல்ல, எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதுவாள். முக்கோணத்தை வாயால் வரைந்து பழகுகிறேன். அவள் எழுதுவது எனக்குத் தெரியாது, நான் நினைப்பது அவளுக்குத் தெரியாது. எப்படியோ ஒரு விடை வந்துவிடுகிறது.

ஒரே ஒரு விஷயம். வீட்டுக்கு வரும்போது வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். நீங்கள் அப்படித்தான் நிற்பீர்கள், எனக்குத் தெரியும். நான் அநேகமாக ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொண்டிருப்பேன், வாசல் எனக்கு வலது பக்கம். வந்த உடனே கூப்பிடுங்கள். என்ன சொல்வது என்று தெரியாவிட்டாலும் ஏதாவது பேசுங்கள். நீங்கள் பேசாமல் நின்றால், நீங்கள் வந்திருப்பது எனக்குத் தெரியாது.

மிளகு